பருப்பு வேகிற தண்ணீர்

நான்காவது பாட்டில் தண்ணீரிலும் பருப்பு வேகவில்லை. என் மனைவி ஞானபாக்கியம் கரண்டி நுனியில் நாலு பருப்பை எடுத்து, ஊதி ஆற்றி, அதில் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். அது மசியவில்லை. வழுக்கிக்கொண்டு போய் அம்மியின் மேல் விழுந்து, அங்கிருந்து தரையில் உருண்டது. நான் சைக்கிளில் பதினாலு மைல் போய்வந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒண்ணரை மணி நேரம் எரிச்சாச்சு. வெறகுதான் தீந்துச்சு," என்றாள்.

அடுப்படிச் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. பக்கத்து வீட்டு மெட்டில்டா கரண்டிக் காம்பால் தட்டுகிற சத்தம்.

"வெந்துச்சாக்கா?"

"இல்லளா. கல்லாட்டம் கெடக்கு."

"அப்படிப் போடுங்க!" என்றது சுவர். அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு சிரிப்பு. அதற்கும் அடுத்த வீட்டில் இருந்து இன்னொரு சிரிப்பு. எங்கள் வளவில் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டி ஐந்து வீடுகள். ஐந்துக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து, பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

நாசரேத், சாத்தான்குளம் பக்கத்தில் மனை வாங்கப் போகிறவன் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றைப் பார்ப்பான். வாயில் ஊற்றிப் பார்த்துச் சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் நம்பமாட்டார்கள். நாக்கு பழகிப்போகும், ஆசை இருந்தால் உவர்ப்பும் இனிக்கும் என்பார்கள். ஆகவே ஒரு பாட்டிலில் தண்ணீரைக் கொண்டுவந்து, ஒரு கை துவரம்பருப்பைப் போட்டு, உப்போ மஞ்சளோ சேர்க்காமல் அடுப்பில் வைப்பார்கள். பருப்பு கரைந்தால் அது குடியிருக்கிற இடம். கரையாவிட்டால் அந்த மண்ணில் பனை வளரலாம், உடைமரம் வளரலாம், குடும்பம் வளராது. கப்பல் விவகாரமாக நான் ஆங்கிலத்தில் டைப் அடிக்கிற எத்தனையோ சான்றிதழ்களில் இந்தப் பருப்புக்கு உள்ள மதிப்பு எதற்கும் இல்லை.

மனை தேட ஆரம்பித்தபோது பாக்கியம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "நீங்க எங்கன வேணும்னாலும் பாருங்க. எனக்குத் தண்ணிய மட்டும் கொண்டாந்து காட்டுங்க." எவ்வளவு சுலபமான மனைவி என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்கு அப்புறம் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

தூத்துக்குடியில் நல்ல தண்ணீர் உள்ள மனை தேடுவது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஊரே உப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டவுனுக்குள் வல்லநாட்டில் இருந்து ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள். டவுனுக்குள் மனை வாங்க என்னால் முடியாது. வெளியே போனால் குழாய் கிடையாது, கிணறுதான். கிணறு என்றால் உப்பு. இதில் நான் புது ஹார்பர் திறந்த ஆறு மாதத்தில் தேட ஆரம்பித்தேன். அதுவரை உடைமரம் தவிர வேறு எதுவும் நிற்காத தரிசுகளுக்கெல்லாம் அப்போதுதான் விலை வந்திருந்தது.

முதல் பாட்டில் முத்தையாபுரத்தில் இருந்து. இரண்டாவது மீளவிட்டானுக்கு மேற்கே. மூன்றாவது பாஞ்சாலங்குறிச்சி ரோட்டில் ஒரு கரிசல் துண்டு. நான்காவதுதான் பதினாலு மைல் போய் அன்றைக்குக் கொண்டுவந்தது. பாட்டில் என்றால் பச்சைக் கண்ணாடியில் நீளக் கழுத்து வைத்த சீமைப் பாட்டில். மெட்டில்டாவின் புருஷன் அம்புரோஸ் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவன். அவன் கொண்டுவந்து கொடுத்தது. அதில் முதலில் என்ன இருந்தது என்று பாக்கியத்துக்குத் தெரியும். மூன்று தடவை சாம்பல் போட்டுக் கழுவிய பிறகுதான் வீட்டுக்குள் விட்டாள். மதுவிலக்கு திரும்ப வந்திருந்த சமயம். மூன்றாவது பாட்டிலோடு வரும்போது ரயில்வே கேட்டில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளை மறித்தார்.

"என்னவே பாட்டில்ல?"

"கெணத்துத் தண்ணி சார்."

"கெணத்துத் தண்ணிக்கு சீமைப் பாட்டிலு கேக்குதோ?"

மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். நம்பாமல் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். அடுத்த நொடி ரோட்டில் துப்பினார். "த்தூ! இத எதுக்குவே தூக்கிட்டு அலையுதீரு?"

"பருப்பு வேகுதான்னு பாக்க சார்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "வேகாது. போவும்வே," என்றார். வேகவில்லை.

வீடு வேண்டும் என்று நான் ஏன் இப்படி அலைந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். என் அப்பா உபதேசியார், கிராமத்துச் சபைகளைப் பார்த்துக்கொள்கிற ஊழியர். மிஷன் எந்த ஊருக்கு அனுப்புகிறதோ அந்த ஊர், மூன்று வருஷம். கோயிலை ஒட்டி ஒரு மண்சுவர் வீடு கொடுப்பார்கள். அதில் முன்னால் இருந்த உபதேசியாரின் பிள்ளைகள் சுவரில் கரியால் எழுதிய கணக்கு இருக்கும். நாங்கள் அதன் மேல் சுண்ணாம்பு அடிப்போம். எங்கள் கணக்கின் மேல் அடுத்தவர்கள் அடிப்பார்கள். பத்து வயதுக்குள் நான்கு ஊர். உபதேசியார் வீட்டுக்குக் கதவு உண்டே தவிர, சாத்துகிற வழக்கம் இல்லை. ஜெபத்துக்கு வருகிறவர்கள், பஞ்சாயத்துக்கு வருகிறவர்கள், பேய் பிடித்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், சும்மா வந்து உட்காருகிறவர்கள். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் மணிக்கூண்டின் கீழே போய் உட்காருவேன். அங்கேயும் யாராவது வந்து, "என்ன தம்பி, தனியா இருக்க?" என்பார்கள். அன்றில் இருந்து எனக்கு ஒரு வீட்டின் மேல் ஆசை. அதன் கதவைச் சாத்தினால் யாரும் தட்டமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே காற்றுச் சத்தம் மட்டும் இருக்கும்.

வாய்த்தது வளவு. பதினேழு வருஷமாகப் பீச் ரோட்டுக்குப் பின்னால் இந்த நடு வீடு. இருமினால் ஐந்து வீட்டிலும் சுக்குக் கஷாயம் வைக்கிறார்கள். நான் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு சண்டையும் ஒரு சமாதானமும் என் தலை வழியாகப் போய்விடும். எங்கள் மகள் ஜெயசெல்வி டீச்சர் டிரெயினிங் படிக்க நாசரேத்து ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீடு கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். அவள் இருந்த சத்தத்தின் இடத்தையும் மெட்டில்டா எடுத்துக்கொண்டாள்.

ஆபீசில் என் பக்கத்து மேஜை செந்தூர்பாண்டி. நாங்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த வீட்டுமனைச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். தருவைகுளம் ரோட்டில், ஊரைவிட்டு நாலு மைலில், உப்பளங்கள் முடிகிற இடத்துக்கு மேற்கே மேட்டு நிலமாகச் சங்கம் அறுபது மனை போட்டிருந்தது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சங்கத்தில் பெயர் கூப்பிடுவார்கள். சேர்ந்த வரிசைப்படி ஒவ்வொருவரும் எழுந்து, வேண்டிய மனை நம்பரைச் சொல்லவேண்டும். நான் ஒன்பதாவது. கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டாலும், இருந்து வாய் திறக்காவிட்டாலும், பெயர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். அறுபது மனை போக, கடைசியில் நூற்றுப் பதினேழு பேர் மிச்சம் நின்றார்கள். அவர்களுக்கு அடுத்த நிலம் எப்போது என்று செந்தூர்பாண்டிக்கே தெரியாது. எனக்கு நாற்பத்தேழு வயது.

நான்காவது பாட்டிலுக்கு அடுத்த திங்கட்கிழமை அவனோடு போய் நிலத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டாம் நம்பர் மனையைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. வடமேற்கு மூலை. ஒருபக்கம் ஓடை, ஒருபக்கம் ரோட்டுக்கு விட்ட இடம், முன்னால் பூங்கா என்று வரைபடத்தில் பச்சை அடித்திருந்த பொட்டல். பின்னால் மட்டும்தான் ஒரு மனை, அதுவும் முப்பதடி தள்ளி. காற்று தங்குதடை இல்லாமல் வந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் நின்ற ஒரு நிமிஷத்தில், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, வேறு எந்த மனிதச் சத்தமும் கேட்கவில்லை. அப்புறம் செந்தூர்பாண்டி மூக்கைச் சிந்தினான்.

சங்கத்துக் கிணற்றை அன்றைக்குத்தான் தூர்வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

"வியாழக்கிழம வாலே, தெளிஞ்சிரும்," என்றான். கையில் இருந்த பச்சைப் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தான். "ஏலே எஸ்றா, ஒனக்கு வீடு வேணுமா, பருப்புக் கொழம்பு வேணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

வியாழக்கிழமை நான் போகவில்லை. காலையில் ஒரு கப்பல் வந்துவிட்டது. சரக்குப் பட்டியலில் மூட்டைக் கணக்கு ஒத்துவராமல் மூன்று தடவை திருப்பி அடிக்கவேண்டியிருந்தது. முடியும்போது மணி ஐந்து. எட்டு மைல் போய் வந்தால் இருட்டிவிடும். அதைவிட, போய்ப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. இது வேகாவிட்டால் எனக்கு இனிமேல் எதுவும் இல்லை. காலிப் பாட்டிலை மஞ்சள் பையில் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவன், ஆபீஸ் பின்கட்டில் குழாய் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கை தானாகப் போயிற்று என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. நான் நின்று, யோசித்து, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வல்லநாட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தேன். உபதேசியார் மகன்.

பாக்கியம் அந்த ஐந்தாவது பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்தாள். முகத்துக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். பிறகு சின்னப் பானையில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். நான் முன்னறையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பருப்பு கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தினமும் இதே குழாய்த் தண்ணீரில்தான் இந்த வீட்டில் பருப்பு வேகிறது. முக்கால் மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் வந்து, "வெந்துட்டு," என்று சொல்வாள். அதற்கு நான் எப்படிச் சந்தோஷப்படவேண்டும் என்று மனதுக்குள் பழகிக்கொண்டிருந்தேன். கிணற்றில் நிஜமாகவே உப்பு இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அதற்குள் கூரை போட்டிருப்போம், பைப் வந்துவிடும், பழகிவிடும் என்று பதில் சொல்லிக்கொண்டேன்.

சுவரில் இரண்டு தட்டு.

"வெந்துச்சாக்கா?"

பானையின் மூடியை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. "இல்லளா," என்றாள் பாக்கியம்.

நான் எழுந்து போனேன். அவள் கரண்டியை நீட்டினாள். ஒரு பருப்பை எடுத்து விரல் நடுவில் வைத்து அழுத்தினேன். இரண்டாகப் பிளந்தது, மசியவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கணம் வல்லநாட்டுத் தண்ணீரும் கெட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு, இரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் செய்யாத காரியத்தைச் செய்தேன். அந்தப் பருப்பை வாயில் போட்டேன்.

உப்பு. கிணற்று உவர்ப்பு நாக்கின் அடியில் கசந்து நிற்கும். இது அது இல்லை. அடுப்பில் வைக்கும்போதே கை நிறைய அள்ளிப் போட்ட கல் உப்பு. முதலிலேயே உப்பைப் போட்டுவிட்டால் பருப்பு லேசில் வேகாது என்று சமைக்கத் தெரியாத எனக்குக்கூடத் தெரியும்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு வெளிச்சம் அவள் ஒரு கன்னத்தில் இருந்தது. நான் கேட்டிருக்கலாம். ஏளா, உப்பு எப்படி வந்தது என்று. அவள் திருப்பி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பாள்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வேகலதான்," என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் தப்புத் தப்பாக டைப் அடித்தேன். எப்போதில் இருந்து உப்புப் போடுகிறாள்? மூன்றாவது பாட்டிலுக்குப் போலீஸ்காரர் சாட்சி இருக்கிறார். மற்றவை? மீளவிட்டான் தண்ணீர் எனக்கு நன்றாகத்தான் இருந்தது, வாயில் ஊற்றிப் பார்த்தேனே. அந்த மனையில் இப்போது வேறு யாரோ அஸ்திவாரம் எடுத்துவிட்டார்கள். அல்லது அவையெல்லாம் நேர்மையாகவே வேகாமல் இருந்து, நேற்று ஒருநாள்தான் போட்டாளா? கோபம் வந்தது. என் பொய்யும் அதே பானைக்குள் கிடந்ததால் அந்தக் கோபத்துக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை. செந்தூர்பாண்டி எட்டிப் பார்த்து, "என்னலே, பருப்பு வெந்துச்சா?" என்றான். நான் மிஷினில் இருந்து தாளை உருவிக் கசக்கிப் போட்டேன். அவன் தன் மேஜைக்குத் திரும்பிவிட்டான்.

மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது மாமியார் ஞாபகம் வந்தது.

என் மாமனார் தேவதாசன் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாக்கியம் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, சாத்தான்குளத்துக்குத் தெற்கே செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் நாலு ஏக்கர் வாங்கி, நடுவில் வீடு கட்டினார். சுற்றிலும் கம்பி வேலி. கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கிடையாது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அந்த வட்டாரமே பேசும். அதில் பருப்பு போட்டால் அரை மணியில் கரைந்துவிடும் என்று மாமனார் வருகிறவர்களிடம் சொல்லுவார். வருகிறவர்கள்தான் குறைவு. பெண் பார்க்கப் போன அன்றைக்கே அந்த வீட்டின் மேல் எனக்கு ஒரு பொறாமை. திரும்பும்போது மாமியார் கேட் வரை வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத என்னிடம், கோழிக்கு வந்த சீக்கையும் தபால்காரரின் தங்கச்சி கல்யாணத்தையும் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு பஸ் போய்விட்டது. கலகலப்பான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து வருஷம் கழித்து ஒருநாள் சொல்லாமல் போனேன். மாமனார் வெளியே போயிருந்தார். அடுப்படியில் பேச்சுக் குரல் கேட்டது. யாரோ விருந்தாள் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன். "நீ சாப்ட்டியாளா? சாப்டாமக் கெடக்காத. ராத்திரி கொஞ்சம் கஞ்சியாவது குடி," என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். பதில் குரல் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். பதிலுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, தலையாட்டி, மறுபடியும் பேசினார். அவர் சாகும்வரை அந்தச் சுவரோடுதான் பேசினார். இதை நான் பாக்கியத்திடம் சொன்னதில்லை. அவளும் என்னிடம் சொன்னதில்லை. அந்த வீட்டில் இருபத்தோரு வயதுவரை இருந்தவள் அவள்.

தூக்கை மூடி வைத்துவிட்டேன். ரோட்டுப் பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு வேண்டிய வீட்டை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள், அதற்குள் வளர்ந்திருக்கிறாள் என்பது இத்தனை வருஷத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. எனக்கு அமைதி என்று பட்ட வீட்டைப் பற்றி, அங்கே போனால் என் அம்மாவைப் போல எனக்கும் ஆகிவிடும் என்று அவள் என்னிடம் எந்த வாயால் சொல்லுவாள்? தண்ணீர் சரியில்லை என்று சொன்னால் எந்த ஆம்பிளையும் ஒத்துக்கொள்வான்.

அப்படி யோசித்துவிட்டதால் எனக்கு விட்டுக்கொடுக்கத் தோன்றிவிட்டது என்று இல்லை. எனக்கு அந்த மூலை மனை வேண்டியிருந்தது. முன்னைவிட அதிகமாக வேண்டியிருந்தது.

சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "நாளைக்குக் காலைல மொதல் பஸ்ஸுல மனையப் பாக்கப் போறேன். நீயும் வா."

மல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "பருப்புதான் வேகலியே."

"பரவால்ல. வா."

"ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் வான்னு கூப்புடுதிய," என்றாள். சுவரில் இரண்டு தட்டு கேட்டது. அவள் பதில் தட்டவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மெட்டில்டா, "பாக்கியக்கா?" என்றாள். "இருக்கேன்ளா," என்றாள் இவள்.

சனிக்கிழமை காலையில், கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். குவித்து வைத்த உப்பின் மேல் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. கண் கூசினாலும் அவள் முகத்தைத் திருப்பவில்லை. இறங்கி அரை மைல் நடந்தோம். உடைமுள் செருப்பில் ஏறியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பிடுங்கினாள்.

முதலில் கிணற்றுக்குத்தான் போனாள். தண்ணீர் தெளிந்திருந்தது. அங்கே கிடந்த வாளியை விட்டு அவளே இறைத்தாள். வாளி விளிம்பில் குனிந்து, பாட்டிலை வைத்துப் பார்த்தது போலவே முகத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல மருந்து வாடை அடிக்கல," என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி.

குழாய்த் தண்ணீருக்குப் போடுகிற மருந்தின் வாடையை நான் எப்படி மறந்தேன்? காது சூடாகிவிட்டது. வாளியைச் சாய்த்து இரண்டு கையிலும் வாங்கிக் குடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது. நாக்கின் அடியில் ஒன்றும் நிற்கவில்லை. முதல்தரமான தண்ணீர். இவ்வளவு நல்ல தண்ணீரை இவ்வளவு எரிச்சலோடு நான் ஒருநாளும் குடித்ததில்லை.

"உப்பும் இல்ல," என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வாளிக் கயிறு கிணற்றுக் கட்டையில் லேசாக ஆடி உரசிக்கொண்டிருந்தது. முதலில் கண்ணை எடுத்தது அவள்தான்.

"நம்மது எது?"

வெள்ளை அடித்த கல்லில் கறுப்பு எழுத்தில் இருபத்திரண்டு. காட்டினேன்.

"பக்கத்து வீடு?"

"இந்தப் பக்கம் ஓடை. அந்தப் பக்கம் ரோடு. எந்தக் காலத்துலயும் யாரும் வர முடியாது," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது.

"குசினி எங்கன வரும்?" குசினி என்பது மெட்டில்டாவின் வார்த்தை. எங்கள் வீட்டில் அடுப்படி என்றுதான் சொல்லுவோம்.

எல்லைக் கல்லுக்கு உட்புறம், ஓடைப் பக்கமாக ஓர் இடத்தைக் காட்டினேன். அவள் அங்கே போய் நின்றாள். காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கியது. இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுப்பு எந்தப் பக்கம் இருக்கும் என்று பார்ப்பவள் போல ஒருமுறை சுற்றித் திரும்பினாள். பிறகு குனிந்து ஒரு சரளைக் கல்லை எடுத்து, இருபத்திரண்டு என்று எழுதியிருந்த கல்லின் தலையில் இரண்டு தடவை தட்டினாள். தட்டிவிட்டு, தலையைச் சாய்த்து நின்றாள்.

தருவைகுளம் பக்கத்தில் இருந்து பஸ் ஹாரன் கேட்டது. ஒன்பதரை பஸ். அதை விட்டால் அடுத்தது பதினொன்றேகால். டவுனில் பதினோரு மணிக்குக் கூப்பிடுகிற ஒன்பதாவது பெயர் என்னுடையது. "பாக்கியம், போவோம்," என்று அவளிடம் சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை.

"ஏளா, மெட்டில்டா," என்றாள் அவள், வளவில் சுவர் வழியாகக் கூப்பிடுகிற அதே அளவுக் குரலில். காற்று அதை அவள் வாயில் இருந்தே எடுத்துக்கொண்டு போனது. கொஞ்சம் பொறுத்தாள். இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்து, இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு பெரிய குரலில், "ஏளாஆ..." என்று கூப்பிட்டாள். ஓடையில் இருந்து இரண்டு கொக்கு எழும்பியது.

கிழக்கே, வெகு தூரத்தில், உப்பளத்து வரப்பில் தலையில் உப்புக் கூடையோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நின்றாள். உடம்பைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு கை மேலே எழுந்தது. பதிலுக்குத்தான் தூக்கினாளா, நழுவுகிற கூடையைப் பிடிக்கத் தூக்கினாளா என்று அவ்வளவு தூரத்தில் இருந்து சொல்ல முடியவில்லை. பாக்கியம் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்து நின்றாள். ரோட்டில் பஸ்ஸின் புழுதி நெருங்கி வந்துகொண்டிருந்தது.